எண்ணெய் விற்ற காசு எங்கே போகிறது?

1975ஆம் ஆண்டில் நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. பெரும்பாலானவற்றில் இருந்த சரக்கு சிமென்ட். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடையால் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியிருந்தது. கைக்கு வந்த பணத்தில் ராணுவக் குடியிருப்புகள், சாலைகள், அரசுக் கட்டடங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டிவிட அரசு நினைத்தது. சுமார் 2 கோடி டன் சிமென்டுக்கு ஆர்டர் போனது. லாகோஸ் துறைமுகத்தால் ஓராண்டில் இறக்க முடிந்ததோ ஏறத்தாழ 10 லட்சம் டன். கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. காத்திருந்த நாளுக்கெல்லாம் அரசு தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கடல் ஈரத்தில் மூட்டையோடு இறுகிப்போன சிமென்ட் தனிக் கணக்கு.

இதை ஊழல் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஊழலும் அதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு காசுகூடத் திருடாத அரசாக இருந்திருந்தாலும் துறைமுகம் அதே அளவில்தான் இருந்திருக்கும். எண்ணெயை நம்பி வாழும் நாடுகளில் வளர்ச்சி சில இடங்களில் பிடித்துக்கொள்கிறது, பல இடங்களில் பாதியில் நின்றுவிடுகிறது. அது ஏன் என்று பார்க்க வேண்டுமானால், தரைக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்ற கேள்வி பெரிதாக உதவாது. அரசு அந்தப் பணத்தை எவ்வளவு வேகமாக, எதில் செலவழிக்கிறது என்று கேட்டால் விஷயம் பிடிபடும்.

பணம் உள்ளே வரும் வழி

சாதாரணமான ஒரு நாட்டில் மக்கள் உழைக்கிறார்கள், கடைகளும் ஆலைகளும் சம்பாதிக்கின்றன, அதில் ஒரு பங்கை அரசு வரியாக எடுத்துச் செலவு செய்கிறது. பொருளாதாரம் முதலில், அரசின் வருமானம் அதற்குப் பின்னால்.

எண்ணெய் நாட்டில் இந்த வரிசை தலைகீழ். எண்ணெய் எடுப்பது இயந்திரங்களின் தொழில். கடலுக்கு நடுவே பல நூறு கோடி டாலர் செலவில் ஒரு மேடை அமைத்தால், அதில் வேலை செய்பவர்கள் சில நூறு பேர்தான் இருப்பார்கள். அவர்களிலும் பலர் வெளிநாட்டு வல்லுநர்கள். எடுத்த எண்ணெய் கப்பலேறிப் போய்விடும். விற்ற டாலர் ராயல்டியாக (எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான தொகை), வரியாக, அரசு எண்ணெய் நிறுவனத்தின் பங்காக நேரே கருவூலத்துக்கு வந்து சேரும். இந்தக் கட்டம் வரைக்கும் அந்த நாட்டின் விவசாயிக்கோ, தச்சருக்கோ, ஆசிரியருக்கோ இதில் எந்தப் பங்கும் இல்லை.

அரசு செலவழிக்கத் தொடங்கும்போதுதான் எண்ணெய் அவர்கள் வாழ்க்கைக்குள் நுழைகிறது. ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸாகிறது, அவர் கூலி கொடுக்கிறார், கூலி வாங்கியவர் கடைக்குப் போகிறார், கடைக்காரர் சரக்கு எடுக்கிறார். எண்ணெய்க் கிணற்றைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு துணிக்கடைக்காரரின் வியாபாரம் அரசு சம்பளம் போடும் தேதியைப் பொறுத்து ஏறி இறங்குவது இதனால்தான். ஈராக்கில் அரசின் வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது. அங்கே சம்பளம் ஒரு மாதம் தாமதமானால் சந்தை அடங்கிவிடும்.

ஆகவே மற்ற நாடுகளில் பட்ஜெட் என்பது பொருளாதாரத்தை நடத்தும் கருவிகளில் ஒன்று. வட்டி விகிதம், வங்கிக் கடன், தனியார் முதலீடு என்று வேறு பலவும் உண்டு. எண்ணெய் நாட்டில் பட்ஜெட்தான் பிரதானம். மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறது. நல்ல பட்ஜெட்டின் பலனும் கெட்ட பட்ஜெட்டின் சேதமும் அங்கே பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

அதிகப் பணம் எப்படிக் கெடுதல் செய்யும்?

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. பணம் வந்தால் நல்லதுதானே? வெளியிலிருந்து வரும் டாலர் எப்படி உள்ளூர்த் தொழிலை அழிக்கும்?

படிப்படியாகப் பார்ப்போம். அரசிடம் டாலர் இருக்கிறது. அதை உள்ளூர் நாணயமாக மாற்றிச் சாலை போடுகிறது, சம்பளத்தைக் கூட்டுகிறது. மக்கள் கையில் பணம் புரள்கிறது, எல்லாவற்றையும் கூடுதலாக வாங்கப் பார்க்கிறார்கள். இதில் அரிசி, துணி, தொலைக்காட்சி போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள்ளலாம். அதனால் அவற்றின் விலை பெரிதாக ஏறாது. ஆனால் வீட்டு வாடகை, மனை, கொத்தனார் கூலி, முடிதிருத்தும் கட்டணம் இவற்றையெல்லாம் இறக்குமதி செய்ய முடியாது. இவற்றின் விலை கிடுகிடுவென ஏறும். நகரத்தில் கூலி கூடியதும் வயலிலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் அங்கே நகர்கிறார்கள். மிச்சமிருப்பவர்களை நிறுத்திவைக்க வேண்டுமானால் கூடுதல் கூலி கொடுக்க வேண்டும்.

இப்போது ஏற்றுமதிக்காகப் பயிர் செய்யும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கொடுக்கும் கூலி ஏறிவிட்டது. அவருடைய விளைபொருளின் விலையோ உலகச் சந்தையில் முடிவாவது. அதை அவரால் ஏற்ற முடியாது. போதாக்குறைக்கு, நாட்டுக்குள் டாலர் குவிந்து உள்ளூர் நாணயம் வலுவாகிவிட்டதால் அவர் விற்ற டாலருக்குக் கிடைக்கும் உள்ளூர்ப் பணமும் குறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் அடி. கொஞ்ச காலத்தில் அவர் பயிரை விட்டுவிடுகிறார். 

பொருளியலில் இதற்கு டச்சு நோய் என்று பெயர். நெதர்லாந்தில் 1959இல் க்ரோனிங்கன் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டதற்கு அப்புறம் அந்த நாட்டின் மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நலிந்ததை வைத்து 1970களில் வந்த பெயர். நைஜீரியாவில் அதன் பாதிப்பு இன்னும் கடுமை. வடக்கே கானோ நகரில் ஏற்றுமதிக்காக அடுக்கி வைத்த நிலக்கடலை மூட்டைகள் பிரமிடு பிரமிடாக உயர்ந்து நிற்கும். நாட்டின் அடையாளம்போல அஞ்சல் தலையில் அச்சாகும் அளவுக்கு விவசாயம் பெருமையாக இருந்த காலம் அது. எண்ணெய்ப் பணம் பெருகிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரமிடுகள் காணாமல் போயின. 70களின் தொடக்கத்தில் வந்த வறட்சிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வறட்சி விலகிய பிறகும் கடலை ஏற்றுமதி திரும்பி வரவில்லை.

ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணெய் கிடைத்துவிட்டாலே இந்த நோய் வந்துவிடாது. டாலர் வெளிநாட்டிலேயே கிடந்தால் உள்ளூரில் கூலியும் ஏறாது, வாடகையும் ஏறாது. செலவழிக்கும்போதுதான் நோய் தொற்றுகிறது. அதுவும் உள்ளூர்ப் பொருளாதாரம் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிச் செலவழிக்கும்போது. பள்ளிக்கூடம் கட்டலாம், பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் முளைத்து வருவார்களா? லாகோஸில் துறைமுகம் திணறியது கண்ணுக்குத் தெரிந்தது. பொறியாளர் பற்றாக்குறையும், டெண்டரைச் சரிபார்க்கத் தெரிந்த அதிகாரிகள் இல்லாததும் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எதில் செலவழிக்கிறார்கள்?

அரசின் செலவை மோட்டாக மூன்றாகப் பிரிக்கலாம். சம்பளம், மானியம் போன்ற ஆண்டுதோறும் வரும் செலவு ஒன்று. சாலை, பள்ளி, மின்நிலையம் போன்ற மூலதனச் செலவு இன்னொன்று. செலவே செய்யாமல் சேர்த்து வைப்பது மூன்றாவது. அப்படி வைப்பதும் ஒரு முடிவுதான்.

எண்ணெய் விலை ஏறும்போது சம்பளத்தைக் கூட்டுவது அரசியல்வாதிக்கு மிகச் சுலபம். திட்டம் போட வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம், அடுத்த மாதமே மக்கள் கையில் பணம் சேரும். நைஜீரியாவில் 1974இல் உடோஜி குழுவின் பரிந்துரைப்படி அரசு ஊழியர் சம்பளம் பெருமளவு உயர்த்தப்பட்டது. முன்தேதியிட்டு நிலுவைத் தொகையும் கொடுத்தார்கள். ஊழியர்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். அடுத்த ஆண்டு பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டியது. தனியார் துறையிலும் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கி அதே உயர்வைக் கேட்டார்கள்.

சம்பளத்தில் உள்ள சிக்கல் அதன் அளவல்ல. ஏறியது இறங்காது என்பதே சிக்கல். எண்ணெய் விலை அப்படியல்ல. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போனது, அந்த ஆண்டு முடிவதற்குள் 40க்குக் கீழே வந்தது. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல், 2016 ஜனவரியில் 30க்குக் கீழே. எண்ணெய் நாட்டின் பட்ஜெட் வானம் பார்த்த பூமி. மழை பெய்த ஆண்டின் விளைச்சலை நிரந்தர வருமானம் என்று நினைத்து மாதாமாதம் கட்ட வேண்டிய செலவை ஏற்றிக்கொண்டால் வறட்சி ஆண்டில் என்ன செய்வது?

என்ன செய்கிறார்கள் என்றால், மூலதனச் செலவை வெட்டுகிறார்கள். சம்பளத்தை வெட்டினால் தெருவில் போராட்டம் வெடிக்கும். பாதி கட்டிய பாலத்தை நிறுத்திவைத்தால் ஒப்பந்ததாரரைத் தவிர யாரும் சத்தம் போடுவதில்லை. எனவே விலை ஏறும்போது அவசரமாகத் தொடங்கிய திட்டங்கள் விலை இறங்கும்போது அந்தரத்தில் நிற்கின்றன. மீண்டும் விலை ஏறும்போது அவை முடிக்கப்படுகின்றனவா என்றால், அதுவும் அரிது. புதிய அரசு புதிய அடிக்கல் நாட்டவே விரும்பும். நைஜீரியாவின் அஜாவோகுடா எஃகு ஆலையை 80களில் சோவியத் உதவியுடன் கட்டத் தொடங்கினார்கள். பல நூறு கோடி டாலர் போட்டாயிற்று. இன்றுவரை வணிக அளவில் எஃகு வரவில்லை.

என் கணிப்பில், எண்ணெய் நாடுகள் சீரழிவது விலை சரிந்த ஆண்டுகளில் எடுத்த முடிவுகளால் அல்ல. விலை ஏறிய ஆண்டுகளில், எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தபோது எடுத்த முடிவுகளால். சரிவு வரும்போது அரசின் கையில் இருக்கும் வழிகள் எல்லாமே கெட்ட வழிகள்தான்.

அந்தக் கெட்ட வழிகளில் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் செய்திகளில் அடிக்கடி வரும். 2020இல் பெருந்தொற்றால் விலை விழுந்தபோது ஈராக்கில் சம்பளம் போட முடியாமல் அரசு திண்டாடியது. டிசம்பரில் டாலருக்குச் சுமார் 1,190 தினார் என்று இருந்த விகிதத்தை 1,450க்குக் கொண்டுபோனது. அரசுக்கு வருவது டாலர், அது கொடுக்கும் சம்பளம் தினார். நாணய மதிப்பைக் குறைத்தால் அதே ஒரு டாலர் கூடுதல் தினாராக மாறும், சம்பளக் கணக்கு சரியாகிவிடும். சம்பளம் குறையவில்லை என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உணவிலிருந்து மருந்து வரை இறக்குமதியாகும் நாட்டில் கடைக்குப் போனவருக்குத் தெரியும், தன் சம்பளம் வெட்டப்பட்டுவிட்டது என்று.

ஒரு நாட்டின் பட்ஜெட்டில் பற்றாக்குறை விழாமல் இருக்க எண்ணெய் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்ற கணக்கு இங்கே உதவும். மத்தியக் கிழக்கின் எண்ணெய் நாடுகளுக்குச் சர்வதேச நாணய நிதியம் இதைக் கணித்து வெளியிடுகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் சம்பளமும் மானியமும் ஏறினால் இந்த விலையும் கூடவே ஏறும். வெனிசுவேலாவில் 2012 தேர்தல் ஆண்டு. எண்ணெய் 100 டாலருக்கு மேல் விற்றது. அப்போதும் அரசு பெரும் பற்றாக்குறையில்தான் ஓடியது. நல்ல காலத்திலேயே கடனில் ஓடிய அந்த நாடு, 2014 சரிவுக்கு அப்புறம் எங்கே போய் நின்றது என்பது ஊரறிந்தது.

மலிவு பெட்ரோல்

எண்ணெய் நாட்டில் பெட்ரோல் மலிவாக இருக்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நம் மண்ணில் கிடைப்பதை நாமே ஏன் உலக விலைக்கு வாங்க வேண்டும்? அரசிடமிருந்து வேறெதுவும் கிடைக்காத ஏழைக்கு இது ஒன்றாவது கிடைக்கிறதே என்ற நியாயமும் உண்டு. இதைப் பொருளியலாளர்கள் சில நேரம் அலட்சியமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கணக்கு கொடியது. நைஜீரியா பல ஆண்டுகளாகக் கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு, சுத்திகரித்த பெட்ரோலை இறக்குமதி செய்து வந்தது. அரசின் சுத்திகரிப்பு ஆலைகள் ஓடவில்லை. உலக விலை ஏறினால் ஏற்றுமதியில் லாபம், இறக்குமதியில் நஷ்டம். அந்த நஷ்டத்தை மானியமாக அரசு சுமந்தது. 2022இல் உக்ரைன் போரால் எண்ணெய் விலை எகிறியபோது மற்ற எண்ணெய் நாடுகளின் கருவூலங்கள் நிறைந்தன. நைஜீரியாவிலோ மானியம் 4 லட்சம் கோடி நைராவைத் தாண்டி, வரவை விழுங்கிவிட்டது. அதிலும் கூடுதல் பலன் பெற்றவர்கள் கார் வைத்திருப்பவர்களும், மலிவு பெட்ரோலை எல்லை தாண்டிக் கடத்தி விற்றவர்களும்தான்.

2023 மே 29 அன்று பதவியேற்பு உரையிலேயே அதிபர் போலா டினுபு மானியம் முடிந்தது என்று அறிவித்தார். சில நாட்களில் பெட்ரோல் விலை ஏறத்தாழ மும்மடங்கானது. பேருந்துக் கட்டணம், தக்காளி, மாவு என எல்லாம் கூடவே ஏறின. இதற்கு முன்னால் 2012 ஜனவரியில் இதே முயற்சி நடந்தபோது நாடே தெருவில் இறங்கிப் போராடி, அரசைப் பாதி பின்வாங்க வைத்தது. வெனிசுவேலாவில் 1989 பிப்ரவரியில் எரிபொருள் விலையையும் அதனோடு பேருந்துக் கட்டணத்தையும் ஏற்றியதில் தலைநகர் கராகஸ் பற்றி எரிந்தது. ராணுவம் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மானியத்தைக் கொடுப்பது ஒரு கையெழுத்து. எடுப்பது அப்படியல்ல.

இந்தோனேசியா செய்த வேறொரு காரியம்

நைஜீரியாவையும் இந்தோனேசியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எண்ணெய்ப் பொருளியலில் பழைய பழக்கம். 1970களின் தொடக்கத்தில் இரண்டும் பெரிய மக்கள்தொகை கொண்ட ஏழை விவசாய நாடுகள். இரண்டிலும் ராணுவ ஆட்சி, இரண்டிலும் ஊழல். இந்தோனேசியா ஒன்றும் யோக்கியமான நாடாக இருக்கவில்லை. அதன் அரசு எண்ணெய் நிறுவனம் பெர்டாமினா, கப்பல், எஃகு என்று கண்டதிலும் கடன் வாங்கிப் போட்டு, 1975இல் சுமார் 1,000 கோடி டாலர் கடனில் மூழ்கியது.

இருந்தும் பணத்தின் ஒரு கணிசமான பகுதி கிராமத்துக்குப் போனது. 1973 முதல் 1978 வரை நாடெங்கும் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. பிள்ளைகள் எங்கே அதிகம் பள்ளிக்குப் போகாமல் இருந்தார்களோ அங்கே அதிகப் பள்ளி என்பது விதி. பின்னாளில் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோ 2001இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பள்ளிகள் வந்த மாவட்டங்களில் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் படித்ததையும் பெரியவர்களானபின் கூடுதல் கூலி பெற்றதையும் காட்டினார்.

அப்புறம் நெல். எரிவாயுவை எரித்து வீணாக்காமல் யூரியா ஆலைகளுக்குத் திருப்பினார்கள். உரத்துக்கு மானியம், பாசன வாய்க்கால் சீரமைப்பு, கிராமச் சாலை, நல்ல விதை. உலகில் அதிகமாக அரிசி இறக்குமதி செய்த நாடுகளில் ஒன்றாக இருந்த இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. மேலே சொன்ன அந்த விவசாயி இங்கே ஒழிந்துபோகவில்லை. எண்ணெய்ப் பணமே அவருக்குத் தண்ணீராகவும் உரமாகவும் வந்தது.

இன்னொரு முக்கியமான முடிவு, 1978 நவம்பரில் எடுத்தது. கருவூலம் காலியாகவில்லை, நெருக்கடி எதுவும் இல்லை. அப்போதே டாலருக்கு 415 ரூபியாவாக இருந்த விகிதத்தை 625க்கு மாற்றினார்கள். எண்ணெய் அல்லாத ஏற்றுமதியாளர்கள் பிழைத்துக்கிடக்க வேண்டும் என்பதே நோக்கம். ஈராக் வேறு வழியில்லாமல் செய்ததை இவர்கள் வசதியான காலத்திலேயே செய்தார்கள். 80களில் எண்ணெய் விலை விழுந்தபோது ஆடை, காலணி, மரப்பொருள் ஏற்றுமதி எழுந்து நின்றது. அரசு கணக்குப்படி 1976இல் மக்களில் 40 சதவீதமாக இருந்த வறுமை 1996இல் 11 சதவீதமாகக் குறைந்தது. அப்போதைய அதிபர் சுகார்த்தோ ஆட்சியின் கொடுமைகளை இது கழுவிவிடாது. செலவு போன திசையால் மட்டும் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சேர்த்து வைத்தால் சரியாகிவிடுமா?

நார்வேயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1969இல் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 70களில் நார்வேயும் வரப்போகும் எண்ணெயை நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்து கையைச் சுட்டுக்கொண்டதுதான். எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைக்கும் நிதியத்துக்கான சட்டம் 1990இல் வந்தது, 1996இல் முதல் தொகை போடப்பட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். 2001இல் அவர்கள் வகுத்த விதியும் அதுவே. எண்ணெய் வருவாய் முழுக்க நிதியத்துக்குப் போகும், பட்ஜெட்டுக்கு ஆண்டுதோறும் சராசரியாக நிதியத்தின் 4 சதவீதம் மட்டும் வரும். 2017இல் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். நிதியம் நார்வேக்குள் முதலீடே செய்யக்கூடாது, எல்லாம் வெளிநாட்டில்தான். டச்சு நோய் செலவின் வழியாகத்தான் தொற்றுகிறது என்று பார்த்தோமே, அதற்கான தடுப்பு இது.

சரி, எல்லா நாடும் நார்வே மாதிரி செய்துவிட வேண்டியதுதானே? எனக்கு அதில் சந்தேகம் உண்டு. எண்ணெய் கிடைத்தபோதே நார்வேயில் எல்லோருக்கும் பள்ளி இருந்தது, மின்சாரம் இருந்தது, ஒழுங்காக வரி வசூலிக்கும் அரசு இருந்தது. பாதிப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரியாத நாடு தன் பணத்தை வெளிநாட்டுப் பங்குச் சந்தையில் போட்டுச் சில சதவீத லாபம் பார்ப்பது புத்திசாலித்தனமா? பால் காலியர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஏழை நாடுகள் உள்நாட்டில் முதலீடு செய்வதே மேல் என்று வாதிட்டிருக்கிறார்கள், பணத்தை நன்றாகப் பயன்படுத்தும் திறனை முதலில் வளர்த்துக்கொண்டால்.

தவிர, நிதியம் என்ற பெயரில் கணக்கு தொடங்கிவிட்டால் மட்டும் சேமிப்பு வந்துவிடாது. கானாவில் 2010 கடைசியில் எண்ணெய் வந்தது. 2011லேயே நல்ல சட்டம் போட்டு, விலை விழும்போது பட்ஜெட்டைத் தாங்கும் நிலைப்படுத்தும் நிதியம் ஒன்று, அடுத்த தலைமுறைக்கு ஒன்று என்று தொடங்கினார்கள். அதே நேரத்தில் எண்ணெய் வரும் நம்பிக்கையில் வெளிநாட்டில் கடன் பத்திரம் விற்று, சேமிப்பில் கிடைத்ததைவிடப் பல மடங்கு வட்டி கட்டினார்கள். 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டிவந்தது.

நைஜீரியா 2004இல் உபரி கச்சா எண்ணெய்க் கணக்கு ஒன்றைத் தொடங்கியது. பட்ஜெட்டில் கருதிய விலையைவிடக் கூடுதலாக வருவது அதில் சேரும். 2008 வாக்கில் 2,000 கோடி டாலரை நெருங்கியது, அந்த ஆண்டின் சரிவில் உண்மையிலேயே கைகொடுத்தது. ஆனால் அரசியல் சாசனப்படி வருவாய் மொத்தமும் மத்திய அரசும் மாநிலங்களும் பகிர வேண்டியது, இப்படிப் பிடித்து வைக்க உங்களுக்கு என்ன உரிமை என்று மாநில ஆளுநர்கள் கேட்டார்கள். சட்டப்படி அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. விலை மீண்டும் 100 டாலரில் இருந்த ஆண்டுகளில் கணக்கைப் பகிர்ந்து தீர்த்தார்கள். 2014இல் விலை விழுந்தபோது பெரிதாக எதுவும் மிச்சமில்லை. 2015இல் பல மாநிலங்களால் சம்பளம் போட முடியவில்லை, 2016இல் நாடே பொருளாதாரச் சரிவுக்குள் போனது.

வரி கட்டாத குடிமக்கள்

அந்த மாநிலங்கள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டன? மாதாமாதம் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூட்டம் நடக்கும், எண்ணெய்ப் பணம் பங்கு பிரிக்கப்படும். பெரும்பாலான மாநிலங்கள் அதை நம்பியே இருந்தன, சொந்த வருவாய் சொற்பம். லாகோஸ் மாநிலம் மட்டும் விதிவிலக்கு. அது வரி வசூலை வளர்த்துக்கொண்டு, பட்ஜெட்டின் பெரும்பகுதியைத் தன் சொந்த வருவாயில் நடத்துகிறது. வரி கட்டுபவர் குப்பை ஏன் அள்ளவில்லை, சாலை ஏன் குழியாகக் கிடக்கிறது என்று கேட்பார். மேலிடத்திலிருந்து பங்கு வாங்கும் அரசோ குடிமக்களைவிட மேலிடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணெய் நாடுகளில் ஜனநாயகம் பலவீனமாக இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியுமா என்பது விவாதத்துக்குரியது. செலவின் தரத்தில் வேறுபாடு தெரியும் என்பது மட்டும் உறுதி.

வளைகுடா நாடுகளும் இந்தப் பக்கம் மெல்ல நகர்கின்றன. சவூதி அரேபியா 2018இல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி கொண்டுவந்து, 2020 ஜூலையில் அதை 15 சதவீதமாக்கியது. கூடவே எண்ணெய் அல்லாத தொழில்களில் பெரும் பணத்தைப் போடுகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. 1980களில் இதே நாடு கோதுமையில் தன்னிறைவு பெறத் தீர்மானித்து, உலக விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து விவசாயிகளிடம் கொள்முதல் செய்தது. பாலைவனத்தில் விளைந்த கோதுமை ஏற்றுமதிகூட ஆனது. புள்ளிவிவரத்தில் பார்த்தால் எண்ணெய் அல்லாத துறை வளர்ந்தது. உண்மையில் அந்தக் கோதுமையை விளைவித்தது எண்ணெய்ப் பணமும், திரும்ப ஊறாத நிலத்தடி நீரும். 2008இல் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்து 2016இல் நிறுத்தினார்கள். எண்ணெய் நாடு ஒன்று புதிய தொழில் வளர்ந்துவிட்டதாகச் சொல்லும்போது, அரசு கையை எடுத்துவிட்டால் அது நிற்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது இதையெல்லாம் நேரடியாகப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் கயானா, மக்கள்தொகை சுமார் 8 லட்சம். 2019 டிசம்பரில் முதல் எண்ணெய் எடுத்தது. 2022இல் அதன் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 60 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. நிதியமும் இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. அந்த விதியை 2021 கடைசியில் மாற்றி எழுதினார்கள். 2024இல் உச்சவரம்பை மீண்டும் தளர்த்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் கயானா டாலர் ரொக்கமாகத் தருவதாக அறிவிப்பு வந்தது. சாலைகளும் பாலங்களும் எழும்புகின்றன, கட்டட வேலைக்கு ஆள் போதவில்லை என்ற புலம்பலும் கேட்கிறது. 60 சதவீதம் என்ற எண்ணை விட்டுவிட்டு, எண்ணெய் வருவாயைக் கழித்தபின் பட்ஜெட்டில் எவ்வளவு பற்றாக்குறை விழுகிறது, கரும்பும் நெல்லும் பயிரிடுபவர்கள் இன்னும் கூலிக்கு ஆள் பிடிக்க முடிகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து வந்தால் அங்கே நடப்பது விளங்கும்.